எலும்புச் சாற்றில் எலும்புச் சத்து இருக்கிறதா?

ஞாயிற்றுக்கிழமை வைத்த ஆட்டுக்கால் சூப்பில் மிஞ்சியதைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டு மறுநாள் காலை மூடியைத் திறந்தால், மேலே வெள்ளை ஏடாகக் கொழுப்பு உறைந்திருக்கும். அதற்குக் கீழே, பாத்திரத்தைச் சாய்த்தாலும் வழியாமல் குலுங்கி நிற்கும் பழுப்புநிறக் கூழ் ஒன்று இருக்கும். புதிதாகச் சமைக்கத் தொடங்கியவர்களில் சிலர் சூப் கெட்டுவிட்டது என்று எண்ணி அதைக் கொட்டிவிடுகிறார்கள். உண்மையில் அது கெட்டுப்போகவில்லை. ஆட்டுக்காலின் தோல், தசைநாண், குருத்தெலும்பு, எலும்பு ஆகியவற்றிலிருந்து கொதிநீரில் இறங்கிய ஜெலட்டின் என்னும் புரதம், குளிர்ந்ததும் நீரைத் தனக்குள் பிடித்துவைத்துக்கொண்டு உறைந்திருக்கிறது. சூடேற்றினால் மறுபடியும் சூப்பாகிவிடும்.

இந்தக் கூழைப் பற்றித்தான் அண்மை ஆண்டுகளில் பெற்றோரிடையே பேச்சு பெருகியிருக்கிறது. முன்பு சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் ஆட்டுக்காலும் நெஞ்செலும்பும் வாங்கி வீட்டில் வைத்த சூப்போடு முடிந்த விஷயம், இன்று பேரங்காடி அடுக்குகளில் பொட்டலமிட்ட எலும்புச் சாறாகவும், டப்பாவில் அடைத்த கொலாஜன் தூளாகவும், பழச்சாறில் கரைத்துக் கொடுக்கும் ஜெலட்டினாகவும் விரிந்திருக்கிறது. பாலர் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குத் தினமும் ஒரு கிண்ணம் எலும்புச் சாறு கொடுத்தால் எலும்பு உறுதிப்படுமா, கஞ்சியில் ஜெலட்டின் தூளைக் கலந்தால் உயரம் கூடுமா என்று உறவினர்கள் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். தாராளமாகக் கொடுக்கலாம் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் அவர்கள் மனத்தில் இருக்கும் காரணத்துக்காக இல்லை. எலும்புச் சாறு மிக நல்ல சமையல் நீர். அதைக் கால்சிய மருந்தாகவோ ஒரு முழு வேளை உணவாகவோ எண்ணிக் கொடுக்கும்போதுதான் பிள்ளைக்குச் சேரவேண்டியது சேராமல் போகிறது.

எலும்புக்குள் என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. காய்ந்த எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தாதுப்பொருள். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து படிகமாக இறுகிய பொருள் அது. மீதியில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் நார்ப் புரதம். கட்டடத்தில் சிமெண்டும் இரும்புக் கம்பியும் போல, தாது எலும்புக்குக் கடினத்தையும் கொலாஜன் முறியாத உறுதியையும் தருகின்றன. கொலாஜன் மூலக்கூறு என்பது மூன்று இழைகளை முறுக்கித் திரித்த கயிறு போன்றது. நீரில் நெடுநேரம் சூடேறும்போது அந்த முறுக்கு பிரிந்து, இழைகள் தனித்தனியே நீரில் கரைகின்றன. கரைந்த அந்த இழைகளுக்குத்தான் ஜெலட்டின் என்று பெயர். அதனால் சூப்பில் இருப்பதையும் கடையில் விற்கும் ஜெலட்டின் தூளையும் வெவ்வேறு பொருள்களாகக் கருதவேண்டியதில்லை. ஒன்று மசாலாவோடு கரைந்திருக்கிறது, மற்றொன்று பிரித்தெடுத்துக் காயவைக்கப்பட்டிருக்கிறது.

மேலைநாட்டுச் சமையல் குறிப்புகள் எலும்பை 12 மணி நேரம், 24 மணி நேரம் என்று சிறுதீயில் வைக்கச் சொல்கின்றன. நம் வீடுகளில் குக்கரில் முக்கால் மணி அல்லது ஒரு மணி நேரத்தில் ஆட்டுக்கால் குழைந்துவிடுகிறது. அழுத்தம் கூடும்போது நீர் 100 பாகைக்கு மேல், ஏறத்தாழ 120 பாகை செல்சியஸ் வரை சூடேறுவதால் கொலாஜன் விரைவாகப் பிரிகிறது. இதில் எனக்குப் பிடித்த ஒரு வரலாற்றுத் துணுக்கு உண்டு. பிரஞ்சு அறிவியலாளர் டெனி பாப்பன் 1679ஆம் ஆண்டில் லண்டனில் உருவாக்கிய நீராவிக் கலனே இன்றைய குக்கரின் மூதாதை. அவர் அதை உருவாக்கியதே கடினமான எலும்பை மென்மையாக்கி உணவாக்குவதற்காகத்தான். இன்று வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டு அடுப்பில் விசிலடிக்கும் குக்கர், தான் பிறந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

ஆனால் பாப்பன் கலனிலும் சரி, நம் குக்கரிலும் சரி, நீரில் இறங்குவது கொலாஜனே. தாது மிகச் சொற்பமாகவே இறங்குகிறது. இந்த இடத்தில்தான் "எலும்பைச் சாப்பிட்டால் எலும்பு வளரும்" என்ற எண்ணம் தடுமாறுகிறது. எலும்பின் கால்சியம் வெறும் நீரில் கரையாத வடிவில் இருக்கிறது. அப்படிக் கரையக்கூடியதாக இருந்தால் நம் உடலின் எலும்புகளே நிலைத்திருக்க முடியாது. பிள்ளைகளோடு வீட்டிலேயே செய்துபார்க்கக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. சுத்தமாகக் கழுவிய கோழிக்கால் எலும்பை வினிகரில் ஊறவைத்துச் சில நாள்களுக்கு ஒருமுறை வினிகரை மாற்றிவந்தால், அமிலம் தாதுவைக் கரைத்துவிட, எஞ்சிய கொலாஜன் ரப்பரைப் போல் வளையும். கொதிநீரில் நடப்பது இதற்கு நேர்மாறு: கொலாஜன் போய்விடுகிறது, தாது நிற்கிறது. சூப் வைத்து முடித்த எலும்பு விரலால் நசுக்கினால் பொடியாகும் அளவுக்குச் சுண்ணாம்பாய் மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சுண்ணாம்புதான் நாம் தேடிய கால்சியம். அது குப்பைத்தொட்டிக்குப் போகிறது.

இதை அளந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். உணவுகளின் சத்துக் கணக்கைப் பட்டியலிட்டதற்காகப் பின்னாளில் புகழ்பெற்ற மெக்கான்ஸ், விடோசன் ஆகிய இருவரும் ஷெல்டன் என்னும் குழந்தை மருத்துவரோடு சேர்ந்து 1934ஆம் ஆண்டிலேயே, லண்டனின் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில், பிள்ளைகளுக்குக் கொடுக்கப்பட்டுவந்த எலும்பு, காய்கறிச் சாற்றைப் பகுத்துப் பார்த்தனர். பாலோடு ஒப்பிடும் அளவுக்கு அதில் சத்து இல்லை என்பதும், இருந்த தாதுக்களிலும் பெரும்பங்கு உடன் வெந்த காய்கறிகளிலிருந்து வந்தது என்பதும் அவர்கள் கண்டது. 2017ஆம் ஆண்டு தைவான் ஆய்வாளர்கள் வீட்டிலும் கடையிலும் தயாரான எலும்புச் சாறுகளைச் சோதித்தபோது, ஒரு வேளைக்குக் கொடுக்கும் அளவில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் அன்றாடத் தேவையில் 5 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. சாற்றில் அமிலம் சேர்த்து வேகவைத்தபோது கால்சியம் 17 மடங்கு கூடியது உண்மைதான். ஆனால் அது மிகச் சொற்பமான அளவின் 17 மடங்கு.

ஆகவே சூப்பில் தக்காளியையோ புளியையோ தொடக்கத்திலேயே சேர்த்து எலும்போடு வேகவிடுவதில் சிறு பயன் உண்டு. இறக்கியபின் எலுமிச்சை பிழிவது சுவைக்கு மட்டும். இவ்வளவு செய்தும் கணக்கு நிறைவதில்லை. சிங்கப்பூரில் 7 முதல் 9 வயது வரையுள்ள பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 700 மில்லிகிராம் கால்சியமும், 10 வயதைத் தாண்டி வளரும் பிள்ளைக்கு 1,000 மில்லிகிராமும் தேவை என்று பரிந்துரைக்கப்படுகிறது. ஒரு குவளைப் பாலில், அதாவது 250 மில்லிலிட்டரில், சுமார் 300 மில்லிகிராம் கிடைத்துவிடுகிறது. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் இருக்கிறது. முருங்கைக்கீரை, எள், கால்சியம் சேர்த்து உறையவைத்த தோஃபு எல்லாமே எலும்புச் சாற்றை எங்கோ பின்னால் விட்டுவிடும்.

எலும்பிலிருந்தே கால்சியம் வேண்டுமென்றால் அதற்கும் வழி இருக்கிறது, எலும்பையே தின்னவேண்டும். இங்கே எல்லாச் சமூகத்தாரின் சமையலறையிலும் இருக்கும் இக்கான் பிலிஸ் என்ற நெத்திலிக் கருவாட்டைத் தலையோடும் முள்ளோடும் சாப்பிடுகிறோம். அந்த முள்ளில் உள்ளது முழுவதும் வயிற்றுக்குள் போகிறது. அதே நெத்திலியை நீரில் கொதிக்கவைத்து வடிகட்டிச் சாற்றை மட்டும் எடுத்து, சக்கையைத் தூக்கி எறிந்தால், சுவை கிடைக்கும், கால்சியம் சக்கையோடு போய்விடும். சின்னப் பிள்ளைகளுக்குக் கருவாட்டின் உப்பு அதிகம் என்பதால் நன்றாகக் கழுவி, சற்று ஊறவைத்து, வறுத்துப் பொடித்துச் சோற்றில் ஒரு சிட்டிகை தூவுவது எங்கள் வீட்டு வழக்கம். டின்னில் வரும் சார்டின் மீனின் மெத்தென்ற முள்ளும் அப்படித்தான். அதைப் பிரித்து எடுத்துப் போடுவதைவிட மசித்துக் கலப்பது நல்லது.

நல்லி எலும்பின் உள்ளே இருக்கும் மச்சையைப் பற்றியும் ஒரு சொல். பீச் ரோட்டின் கோல்டன் மைல் உணவங்காடி நிலையத்தில் செக்கச்செவேலென்ற குழம்போடு தட்டில் வரும் சூப் துலாங்கைச் சாப்பிட்டவர்களுக்கு, எலும்பைத் தட்டியும் உறிஞ்சுகுழல் வைத்தும் மச்சையை எடுக்கும் இன்பம் தெரியும். துலாங் என்றால் மலாய் மொழியில் எலும்பு. அந்த மச்சையில் பெரும்பகுதி கொழுப்பு. வளரும் பிள்ளைக்குக் கொழுப்பும் வேண்டியதுதான், எப்போதாவது கொடுப்பதில் தவறில்லை. ஆனால் அதுவும் எலும்பை வளர்க்கும் கால்சியம் ஆகாது.

சரி, கால்சியம் இல்லாவிட்டால் போகட்டும், புரதமாவது இருக்கிறதே என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்கு ஐரோப்பா ஒருமுறை மிகுந்த விலை கொடுத்து விடை தேடியது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தார்சே என்னும் பிரஞ்சு வேதியியலாளர் இறைச்சிக் கடைகளில் வீணாகும் எலும்பிலிருந்து ஜெலட்டினைப் பிரித்தெடுக்கும் முறையை வளர்த்தெடுத்து, ஏழைகளுக்கும் மருத்துவமனை நோயாளிகளுக்கும் மலிவாகப் புரதம் கொடுத்துவிடலாம் என்று நம்பினார். நல்லெண்ணத்தில் பிறந்த திட்டம் அது. பாரிஸ் மருத்துவமனைகளில் ஜெலட்டின் சூப் ஊற்றப்பட்டது. நோயாளிகள் தேறவில்லை என்ற முணுமுணுப்பு எழுந்தபோது, பிரஞ்சு அறிவியல் கழகம் அமைத்த குழு, உடலியல் அறிஞர் பிரான்சுவா மஜான்டியின் தலைமையில் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1841ஆம் ஆண்டில் அறிக்கை கொடுத்தது. ஜெலட்டினை மட்டும் தின்ற நாய்கள் உடல் மெலிந்து உயிர் பிழைக்கவில்லை. அது புரதம்தான் என்றாலும் அதைக்கொண்டு மட்டும் ஓர் உயிர் வாழமுடியாது என்பது அப்போது தெரிந்தது. ஏன் என்பது தெரிய இன்னும் 60 ஆண்டு ஆயிற்று.

1901ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஹாப்கின்ஸும் கோலும் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்தனர். புரதம் என்னும் மாலையில் கோக்கப்படும் மணிகள் அமினோ அமிலங்கள்; அவற்றில் ஒன்பதை நம் உடல் தானே செய்துகொள்ள முடியாது, உணவிலிருந்துதான் பெறவேண்டும். டிரிப்டோபான் அந்த ஒன்பதில் ஒன்று. ஜெலட்டினில் அது அறவே கிடையாது. ஒரே ஒரு மணி இல்லாமல் போனாலும் உடல் புதுத் தசையைக் கோக்கமுடியாமல் நிற்கிறது. 1991ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண் அமைப்பும் உலகச் சுகாதார நிறுவனமும் முன்வைத்த புரதத் தர அளவுகோலின்படி பாலும் முட்டையும் உச்ச மதிப்பெண் பெறுகின்றன. ஜெலட்டின் பெறுவது பூஜ்யம். கொலாஜன் டப்பாவின் மீது "ஒரு கரண்டியில் 10 கிராம் புரதம்" என்று அச்சிட்டிருப்பது பொய்யில்லை. ஆனால் 18 கிலோ எடையுள்ள ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்குத் தேவைப்படும் ஏறத்தாழ 18 கிராம் புரதத்தில் அந்த 10 கிராமைக் கழித்துவிட்டு, முட்டையையும் பருப்பையும் குறைத்துக்கொண்டால், பிள்ளை ஏமாந்துபோகும். டப்பாவின் விலையைப் பார்க்கும்போது இது எனக்கு மன வருத்தம் தரும் செய்தி.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஜெலட்டின் தனித்து நிற்கும்போதுதான் இந்தக் குறை. மஜான்டிக்குப் பின் வந்த ஜெர்மானிய அறிஞர் வாய்ட், மற்றப் புரதங்களோடு சேர்த்துக் கொடுக்கும்போது ஜெலட்டின் உடலின் புரதச் செலவை ஓரளவு மிச்சப்படுத்துகிறது என்று காட்டினார். ஒரு கிண்ணம் சூப்பில் துவரம்பருப்பையும் ஒரு முட்டையையும் சேர்த்துவிட்டால், டிரிப்டோபான் அங்கிருந்து வந்துவிடுகிறது, ஜெலட்டினும் வீணாவதில்லை. ஆட்டுக்கால் சூப்பைத் தனியே குடிக்காமல் இடியப்பத்தோடும், பருப்புச் சோற்றுக்குப் பின்னும் பரிமாறிய வழக்கம் இந்த வகையில் சரியாகவே அமைந்திருக்கிறது.

தின்ற கொலாஜன் அப்படியே பிள்ளையின் மூட்டுக்கும் எலும்புக்கும் போய்ச் சேரும் என்ற நம்பிக்கையையும் இங்கே பார்த்துவிடலாம். வயிற்றிலும் சிறுகுடலிலும் அது அமினோ அமிலங்களாகவும் சிறு துண்டுகளாகவும் உடைக்கப்பட்டே இரத்தத்தில் கலக்கிறது. அவற்றில் மிகுதியாக இருக்கும் கிளைசின், புரோலின் இரண்டையும் உடல் தானாகவே உருவாக்கிக்கொள்ளக்கூடியது. அவற்றைக் கொலாஜனாகத் திரிப்பதற்கு வைட்டமின் சி இன்றியமையாதது. அது இல்லாமல் போனதால்தான் பழங்காலக் கடலோடிகளுக்கு ஈறு உதிரம் கசிந்து பழைய புண்கள் திறந்தன. 2017ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு சோதனையில், வைட்டமின் சி சேர்த்த 15 கிராம் ஜெலட்டினை உண்டு ஒரு மணி நேரம் கழித்துக் கயிறு தாண்டிய இளைஞர்களின் இரத்தத்தில் கொலாஜன் உருவாக்கத்தின் அறிகுறி இரட்டிப்பானது. விளம்பரங்கள் இதை அடிக்கடி எடுத்தாளுகின்றன. சோதனையில் பங்கேற்றவர்கள் எட்டுப் பேர். அனைவரும் வளர்ந்த ஆண்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதிலிருந்து எதையும் வரையறுக்கமுடியாது. அந்தப் பிள்ளைக்கு ஒரு கொய்யாப்பழமும் மாலையில் கீழ்த்தளத்து விளையாட்டிடத்தில் ஒரு மணி நேர ஓட்டமும் எலும்புக்குச் செய்வது அதிகம்.

அப்படியானால் எலும்புச் சாறு எதற்கு? சுவைக்கு, என்பதுதான் முதற்பதில். அதைச் சிறிய பதிலாக நான் எண்ணவில்லை. பிள்ளை சாப்பிடுவது என்பது சத்து அட்டவணையைவிடப் பெரிய விஷயம். வெறும் நீரில் வெந்த கேரட்டைத் துப்பும் பிள்ளை, கோழிச் சாற்றில் வெந்த கேரட்டை மென்று விழுங்குகிறது. எலும்பிலிருந்தும் ஒட்டிய இறைச்சியிலிருந்தும் இறங்கும் குளூட்டமேட் போன்ற பொருள்கள் அந்த நாக்கொட்டும் சுவையைத் தருகின்றன. ஜெலட்டின் அந்தச் சாற்றுக்கு ஒரு வழுவழுப்பைத் தந்து நாவில் தங்கவைக்கிறது. இதைச் சிங்கப்பூரில் விளக்கிச் சொல்லவே தேவையில்லை. ஹைனானியக் கோழிச் சோறு என்று நாம் விரும்பி உண்பது கோழி வெந்த சாற்றில் வெந்த சோறு. காய்ச்சலில் படுத்த பிள்ளைக்கு மிளகும் சீரகமும் தட்டிப்போட்ட கோழி ரசம் கொடுப்பதும் பொருளற்ற வழக்கமில்லை. வெதுவெதுப்பான நீரும் சிறிதளவு உப்பும் உள்ளே போகின்றன, மூக்கடைப்பு சற்று இளகுகிறது, பசி திரும்புகிறது. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஒரு மருத்துவக் குழு கோழி சூப்பை ஆய்வுக்கூடத்தில் சோதித்து, அழற்சியில் பங்கேற்கும் வெள்ளணுக்களின் நகர்வை அது மெதுவாக்குவதைக் கண்டது. அது கண்ணாடிக் கலத்தில் நடந்தது, பிள்ளையின் மார்புக்குள் அல்ல என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்.

தினமும் கொடுப்பது என்று முடிவுசெய்தால் முதலில் பார்க்கவேண்டியது உப்பு. சிங்கப்பூரில் 2022ஆம் ஆண்டின் தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி குடியிருப்பாளர்கள் சராசரியாக நாளொன்றுக்கு 3,600 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் உட்கொள்கிறார்கள். வளர்ந்தவர்களுக்கே 2,000 மில்லிகிராம்தான் எல்லை, பிள்ளைகளுக்கு அவர்களின் உணவளவுக்கு ஏற்ப அதிலும் குறைவு. எலும்பைச் சந்தையில் வாங்கி வீட்டில் வேகவைத்தால் உப்பு நம் கையில் இருக்கிறது. நேரமில்லாத நாளில் ஒரு சூப் கட்டியைச் சுடுநீரில் கரைப்பது வேறு கதை: 10 கிராம் கட்டியில் ஏறத்தாழப் பாதி உப்பு, அதாவது வளர்ந்த ஒருவரின் ஒரு நாள் சோடியம் முழுவதும் அந்தச் சிறு கட்டிக்குள் இருக்கிறது. அதில் ஜெலட்டினும் இருக்காது, எலும்பும் பேருக்குத்தான். பானங்களின் சத்துத் தரத்தைக் காட்ட 2022ஆம் ஆண்டின் இறுதியில் வந்த நியூட்ரி-கிரேட் அடையாளம் 2027ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து உப்பு, சுவைச்சாறு, சுவையூட்டி, உடனடி நூடல்ஸ் ஆகியவற்றுக்கும் விரிகிறது. அதுவரை பொட்டலத்தின் பின்புறச் சிற்றெழுத்தைப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு எடுக்கும் சாற்றில் உப்பே வேண்டாம். பெரியவர்களின் பங்குக்கு உப்பும் காரமும் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

ஈயத்தைப் பற்றிய அச்சத்தையும் சிலர் கேட்கிறார்கள். விலங்கின் உடலில் சேரும் ஈயம் எலும்பில் தங்குவது உண்மை. 2013ஆம் ஆண்டு பிரிட்டனில் கோழிச் சாற்றை அளந்தபோது லிட்டருக்கு 7 முதல் 9.5 மைக்ரோகிராம் ஈயம் இருந்தது; அதே குழாய் நீரில் 1 மைக்ரோகிராமுக்கும் குறைவு. மேலே சொன்ன தைவான் ஆய்வு, ஒரு வேளைக்குச் சில மைக்ரோகிராம் அளவே உள்ளது, அபாயம் மிகக் குறைவு என்று முடிவு செய்தது. என் கருத்தில் இது சூப்பை விடுவதற்கான காரணம் ஆகாது. ஆனால் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று குழந்தைகளிடத்தில் எதுவும் இல்லாததால், அதே சாற்றை நாள் தவறாமல், வேளை தவறாமல், தண்ணீருக்குப் பதிலாகக் கொடுக்கும் அளவுக்குப் போகவேண்டியதில்லை. வாரத்தில் சில நாள் கோழி, சில நாள் மீன், சில நாள் வெறும் பருப்பு ரசம் என்று மாறி வருவது போதும்.

நம் தட்பவெப்பத்தில் இதைவிட உடனடியான கவலை, இரவு முழுவதும் அடுப்பின் மேலேயே விடப்படும் பாத்திரம். "காலையில் ஒரு கொதி விட்டால் சரியாகிவிடும்" என்பது பல வீடுகளின் வழக்கம். கொதித்தாலும் சாகாத, விதை போன்ற வித்தணுக்களை விட்டுச்செல்லும் பாக்டீரியாக்கள் இறைச்சியில் உண்டு. சூப் மெல்ல மெல்ல ஆறும்போது அவை முளைத்துப் பெருகுகின்றன, சில வகைகள் விடும் நச்சு மறுகொதியிலும் அழிவதில்லை. 5 முதல் 60 பாகை செல்சியஸ் வரை அவற்றுக்கு உகந்த இடம்; நம் சமையலறையின் 30 பாகை அதற்குள் அடங்கிவிடுகிறது. பெரிய பாத்திரத்தோடு வைக்காமல், தட்டையான சிறு பெட்டிகளில் பிரித்து ஆறவைத்து இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்துவிடவேண்டும். பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறையவைத்தால் ஒரு வேளைக்கு இரண்டு மூன்று கட்டி என்று எடுத்துச் சோற்றில் போட்டு வேகவைக்கலாம். வேலைக்குப் போகும் பெற்றோருக்கும், வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கும் பணிப்பெண்ணுக்கும் இது எளிது.

கைக்குழந்தை விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்வேன். ஆறு மாதம் வரை தாய்ப்பால் அல்லது முறையான பால்மாவு. எலும்புச் சாறு ஒரு கரண்டிகூடத் தேவையில்லை. ஆறு மாதத்துக்குப் பின்னும் அது கஞ்சியைக் கரைக்கும் நீர் மட்டுமே. 2015ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில், ஈரலையும் எலும்புச் சாற்றையும் கலந்து வீட்டிலேயே பால்மாவுக்கு மாற்று செய்யச் சொன்ன ஒரு சமையல் நூல் வெளிவரவிருந்தது. அதில் வைட்டமின் ஏ குழந்தைக்குத் தாங்கும் அளவைப் பல மடங்கு தாண்டியிருந்ததைச் சுகாதார வல்லுநர்கள் சுட்டிக்காட்ட, பதிப்பகம் அதிலிருந்து விலகிக்கொண்டது. குழந்தையின் வயிறு சிறியது. ஒரு கிண்ணம் தெளிந்த சாறு அதை நிரப்பிவிட்டால், பாலுக்கும் பருப்புக்கும் இடமில்லாமல் போய்விடுகிறது. எடை கூடவில்லை என்று கவலைப்படும் தாய் சாற்றைக் கூட்டுவது, கவலையை நீட்டிப்பதில்தான் முடியும்.

ஜெலட்டின் தூளைப் பற்றித் தனியே சொல்லச் சில செய்திகள் உள்ளன. அது எந்த விலங்கிலிருந்து வந்தது என்பது நம் குடும்பங்களுக்கு முக்கியம். ஐரோப்பாவில் தயாராகும் உண்ணத்தக்க ஜெலட்டினில் பெரும்பகுதி பன்றித் தோலிலிருந்து வருகிறது. அடுத்து மாட்டுத் தோலும் எலும்பும். மீன் ஜெலட்டினும் உண்டு. முஸ்லிம் குடும்பங்கள் முயிஸ் என்னும் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்தின் ஹலால் முத்திரையைப் பார்த்து வாங்கிவிடுகின்றன. மாட்டிறைச்சி உண்ணாத இந்துக் குடும்பங்களுக்கு அந்த முத்திரை பதிலாகாது. ஹலால் ஜெலட்டின் பெரும்பாலும் மாட்டிலிருந்தோ மீனிலிருந்தோ வருவது. பொட்டலத்தில் வெறுமனே "ஜெலட்டின்" என்று மட்டும் இருந்தால் விற்பவரைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. பிள்ளைகளின் ஜெல்லி மிட்டாய், மார்ஷ்மெல்லோ, சிலவகைத் தயிர், வைட்டமின் மாத்திரையின் மேலுறை என்று அது நாம் எதிர்பாராத இடங்களிலும் இருக்கும்.

சைவக் குடும்பங்கள் கேட்பது அகர் அகர் அதற்கு ஈடாகுமா என்று. வடிவத்துக்கு ஈடாகும். அகர் அகர் கடற்பாசியிலிருந்து வரும் மாவுச்சத்து வகை. அதில் புரதம் இல்லை. ஜெலட்டின் 35 பாகைக்குள் உருகிவிடும், அதனால்தான் வாயில் போட்டதும் கரைகிறது, நம் ஊர் வெக்கையில் மேசையிலேயே தளர்ந்தும் விடுகிறது. அகர் அகர் உருக ஏறத்தாழ 85 பாகை வேண்டும். வட்டார மக்கள் பலகாரத்துக்கு அதைத் தேர்ந்ததன் காரணம் இது. இந்த வேறுபாடு மருத்துவத்துக்கே உதவியது. 1880களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் வேலைசெய்த வால்டர் ஹெஸ்ஸ, பாக்டீரியாக்களை வளர்த்த ஜெலட்டின் கோடை வெப்பத்தில் உருகி ஓடுவதைக் கண்டு அல்லல்பட்டபோது, அவர் மனைவி ஃபேனி அகர் அகரைப் பயன்படுத்தச் சொன்னார். ஜாவாவில் வாழ்ந்த அறிமுகத்தாரிடம் கற்ற சமையலறைப் பாடம் அது. இன்றும் ஆய்வுக்கூடங்கள் அதையே பயன்படுத்துகின்றன. சைவப் பிள்ளை ஜெலட்டினை உண்ணாததால் எதையும் இழப்பதில்லை. அதில் மிகுதியாக உள்ள அமினோ அமிலங்களை உடலே செய்துகொள்ளும். பருப்பு, பால், சோயா, பழம் இருந்தால் போதும்.

வீட்டில் ஜெல்லி செய்பவர்கள் கடை ஜெல்லித் தூளில் பெரும்பகுதி சர்க்கரை என்பதைக் கவனிக்கவேண்டும். சுவையற்ற ஜெலட்டினை வாங்கி நல்ல பழச்சாற்றில் கரைப்பது மேல். வேகவைக்காத அன்னாசியும் பப்பாளியும் மட்டும் உறையவிடாது. ஆட்டிறைச்சி மென்மையாக நாம் தடவும் பப்பாளிக்காயின் நொதியும், அதைப் போன்ற அன்னாசியின் நொதியும் ஜெலட்டினையும் துண்டாடிவிடுகின்றன. பழத்தை ஒரு கொதி விட்டுச் சேர்த்தால் சிக்கல் தீர்ந்தது. நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கெட்டியான ஜெல்லியையும் இழுவையான மிட்டாயையும் உருண்டையாகக் கொடுக்கக்கூடாது, மூச்சுக்குழலை அடைத்துவிடும். மெல்லியதாக நறுக்கி, பக்கத்திலிருந்து ஊட்டவேண்டும்.

சுகாதார மேம்பாட்டு வாரியம் காட்டும் ஆரோக்கிய உணவுத் தட்டில் கால் பங்கு முழுத்தானியம், கால் பங்கு புரதம், அரைப் பங்கு காயும் பழமும். அந்தத் தட்டில் சூப்புக்கென்று ஓர் இடம் இல்லை, ஆனால் அந்த மூன்றும் சூப்புக்குள் இருக்கலாம். எங்கள் வீட்டில் குக்கரில் ஆட்டெலும்பை வேகவைத்துக் கொழுப்பை எடுத்தபின், அதே சாற்றில் ஒரு கைப்பிடி பாசிப்பருப்பும் அரிசியும் கேரட்டும் போட்டு மறுபடி வேகவைக்கிறோம். இறக்குமுன் முருங்கைக்கீரை, கிண்ணத்தில் ஊற்றியபின் அவித்த முட்டையைப் பொடியாக நறுக்கிப் போடுவது. பிள்ளை மேலே இருக்கும் சாற்றை மட்டும் குடித்துவிட்டு அடியில் கிடப்பதை ஒதுக்கினால், மறுமுறை எல்லாவற்றையும் மத்தால் கடைந்து கரண்டியில் நிற்கும் கூழாக்கிவிடவேண்டும். அப்போது சாறு வேறு சோறு வேறு என்று பிரிக்க அதற்கு வழியிருக்காது.